மக்களின் வேலையா, மக்களுக்கான வேலையா?

பழைய ஏடு: லிட்டர்ஜி, அதாவது திருச்சபையின் வழிபாடு, என்றால் கிரேக்கத்தில் 'மக்களின் வேலை', ஆகவே பூசை நடத்துவது மக்கள்தான் என்று மணியோசை நேற்று எழுதியதைப் படித்ததில் தூக்கம் போயிற்று. அதன் கிரேக்க மூலமான லெய்தூர்கியாவின் முன்பாதி 'மக்கள்' அல்ல. 'பொது' என்று பொருள்படும் லெயித்தோஸ். ஏதென்ஸில் பணக்காரன் ஊருக்காகக் கைக்காசு போட்டுச் செய்ததற்குத்தான் அந்தப் பெயர். மக்களுக்காக, ஐயா.

மணியோசை: லெயித்தோஸே 'மக்கள்' என்னும் லாவோஸிலிருந்து வந்ததுதானே? பாதி வேரோடு தோண்டலை நிறுத்தினால் இப்படித்தான்.

பழைய ஏடு: வேர் கிடக்கட்டும். காசு யாருடையது? ஏதென்ஸின் வழக்குரை எழுத்தாளர் லிசியாஸ் எழுதித் தந்த உரை ஒன்றில் ஒருவன் கணக்குச் சொல்கிறான்: சோக நாடகப் பாடற்குழுவுக்கு (கோரஸ்) 3,000 திராக்மா, போர்க்கப்பலுக்கு 7 ஆண்டில் 6 தாலந்து. மக்கள் உட்கார்ந்து நாடகம் பார்த்தார்கள். அதுதான் அவர்கள் 'வேலை'.

தேனீ: எல்லோரும் மனமுவந்து கொடுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். "என்னைவிட அவன் பணக்காரன், அவன் செய்யட்டும், மாட்டேன் என்றால் சொத்தை மாற்றிக்கொள்வோம்" என்று மல்லுக்கு நிற்க 'அந்திதோசிஸ்' என்று சட்டமே இருந்தது.

மணியோசை: ஏதென்ஸ் எதற்கு? சபைக்கு இந்தச் சொல் பழைய ஏற்பாட்டின் கிரேக்க வடிவமான எழுபதின்மர் மொழிபெயர்ப்பு வழியாக வந்தது.

பழைய ஏடு: அங்கேயும் குருக்கள், ஆலய ஊழியரான லேவியர் செய்யும் பணிக்குத்தான் அந்தச் சொல். அப்புறம் லூக்கா 1:23, குரு செக்கரியாவின் லெய்தூர்கியா. அவர் உள்ளே தூபம் காட்டுகிறார். மக்கள் எங்கே? வெளியே!

மணியோசை: பவுல் எழுதிய 2 கொரிந்தியர் 9:12? எருசலேம் ஏழைகளுக்குத் திரட்டிய காணிக்கைக்கும் அதே சொல். கொடுத்தது சபை மக்கள்.

பழைய ஏடு: யாருக்காக?

மணியோசை: பவுல் அதையா கேட்டார்?

பழைய ஏடு: நான் கேட்கிறேன். யாருக்காக?

தேனீ: இன்றைய கிரேக்கத்தில் பழுதான லிஃப்டில் 'எக்தோஸ் லிதுர்கியாஸ்' என்று தாள் ஒட்டியிருப்பார்கள். 'இயங்கவில்லை' என்று அர்த்தம். இந்த விவாதத் திரியிலும் ஒன்று ஒட்டலாம்.

பழைய ஏடு: கிண்டல் வேண்டாம். 'பூசை'யா 'திருப்பலி'யா என்று போன மாதம் அடித்துக்கொண்டபோதும் நீர் இப்படித்தான் நடுவில் வந்து சிரித்துவிட்டுப் போனீர்.

மணியோசை: அதில் தோற்றது நீங்கள்.

பழைய ஏடு: தோற்கவில்லை. நிர்வாகி திரியைப் பூட்டினார், அது வேறு. இப்போதும் சொல்கிறேன், மக்களுக்'காக'. இரண்டே எழுத்து, அது கண்ணில் படவில்லையா?

மணியோசை: 'இன்'னும் இரண்டெழுத்துதான்.