சனிக்கிழமைதோறும் மங்கும் நட்சத்திரம்: நெருங்கிய இரட்டையா?

கேஆர்புரம்_மாடி:
துலாம் ராசியில், பீட்டா லிப்ரே என்ற நட்சத்திரத்துக்கு மேற்கே நாலு டிகிரி தள்ளி ஒரு நட்சத்திரம் இருக்கிறது. ஊரை விட்டு வெளியே போனால் வெறுங்கண்ணுக்கே லேசாகத் தெரியும். எங்கள் மொட்டைமாடியிலிருந்து 10×50 பைனாகுலர் இல்லாமல் முடியாது, பெங்களூரு வெளிச்சம் அப்படி.

எனக்கு லீவு சனிக்கிழமை மட்டும்தான். ஏப்ரலிலிருந்து மேகமில்லாத சனிக்கிழமைகளில் எல்லாம் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் மங்குகிறது. பக்கத்து நட்சத்திரம் க்சி-2 லிப்ரேயை (பிரகாச எண் 5.5; எண் கூடினால் வெளிச்சம் குறைவு) விடவும் கீழே போய், விடிவதற்குள் எப்சிலான் லிப்ரே (4.9) அளவுக்குத் தேறிவிடுகிறது. ரொம்ப மங்கும் நேரம் வாராவாரம் அரை மணி போல முன்னால் வருகிறது. போன சனி இரவு சுமார் 10.30. 'சனி பிடித்த நட்சத்திரம்' என்று வீட்டில் கிண்டல்.

ஏழு நாளுக்குக் கொஞ்சம் குறைவான சுற்றில் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை என்று நினைக்கிறேன். சரியா? டெலஸ்கோப் வாங்கினால் இரண்டாகத் தெரியுமா?

ஓசூர்ரோடு_தாத்தா:
இரட்டைதான் தம்பி. அது டெல்டா லிப்ரே, அல்கோல் என்ற நட்சத்திரத்தைப் போல துணை மறைப்பதால் மங்கும் வகை. ஆனால் சுற்று ஏழு நாள் இல்லை, 2 நாள் 7 மணி 51 நிமிடம். மூன்று சுற்றைக் கூட்டிப் பாருங்கள்: 6 நாள் 23 மணி 34 நிமிடம். வாரத்துக்கு 26 நிமிடம் முன்னால் வருவது அதனால்தான்.

போன சனி 10.30 என்றால் அடுத்த மறைப்பின் நடு செவ்வாய் காலை 6.20, சூரியன் வந்தாச்சு. அதற்கடுத்தது வியாழன் மதியம் 2.10. அப்புறம் மறுபடி சனி இரவு. இந்த மாதம் நீங்கள் தினமும் மாடியேறியிருந்தாலும் சனியன்று மட்டும்தான் முழு மங்கல் கிடைத்திருக்கும்!

நான் சொல்வதை நம்ப வேண்டாம். செவ்வாய் விடிகாலை 3.30க்கு எழுந்து மேற்கே பாருங்கள். ஏழு நாள் சுற்று என்றால் அது எப்சிலானுக்குச் சமமாக இருக்க வேண்டும். என் கணக்கு சரியென்றால் அதற்குள் மங்கத் தொடங்கியிருக்கும்.

நிறமாலைப்_பிரியன்:
டெலஸ்கோப்புக்காகக் காசைக் கரைக்காதீர்கள். எத்தனை பெரிய டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தாலும் இது ஒற்றைப் புள்ளிதான். பிறகு இரட்டை என்று எப்படித் தெரியும்? அல்கோலை ஏதோ ஒன்று சுற்றிவந்து மறைக்கலாம் என்று இங்கிலாந்தில் ஜான் குட்ரிக் 1783இல் சொன்னார், அப்போது அவருக்கு இருபது வயதுகூட இல்லை, காதும் கேட்காது. ஜெர்மனியில் ஃபோகல் அதை உறுதி செய்தது 1889இல். நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போதும் விலகும்போதும் அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் இடம் மாறுகின்றன, அதை வைத்துத்தான்.

டெல்டா லிப்ரேயில் எனக்குப் பிடித்தது வேறு. மறைக்கிற நட்சத்திரம் குளிர்ந்தது, ஊதிப் பெருத்தது, ஆனால் எடை குறைந்தது. சூடான துணை அதைப் போல மூன்று மடங்கு கனம். கனமான நட்சத்திரம்தானே முதலில் முதுமையடைந்து ஊத வேண்டும்? ஒருகாலத்தில் இந்த ஊதிய நட்சத்திரம்தான் கனமாக இருந்தது. ஊதியபோது தன் வாயுவைப் பக்கத்திலிருந்த துணைக்குக் கொட்டிவிட்டது. 'நெருங்கிய' இரட்டை என்பதன் விளைவு அது.

கேஆர்புரம்_மாடி:
செவ்வாய் ஷிப்ட் முடிந்து வர மூன்று மணி ஆகும், நேரே மாடிக்குப் போய்விடுகிறேன். வீட்டுக்காரரிடம் மாடிச் சாவிதான் கேட்க வேண்டும். இந்தச் சனிக்கிழமைக் கணக்கு எதுவரை ஓடும்?

ஓசூர்ரோடு_தாத்தா:
ஜூன் கடைசியில் நடுநேரம் எட்டரைக்கு வந்துவிடும், வெளிச்சம் இறங்குவது தெரியாது, ஏறுவது மட்டும் தெரியும். அதற்குள் மழையும் பிடித்துக்கொள்ளும். பார்த்த நேரத்தையும் ஒப்பிட்ட நட்சத்திரங்களையும் குறித்து வையுங்கள், வெளிச்சம் மாறும் நட்சத்திரங்களைக் கவனிப்பவர்களின் ஏஏவிஎஸ்ஓ சங்கத்துக்கு அனுப்பலாம். கண்ணால் எடுத்த மதிப்பீட்டையும் வாங்கிக்கொள்கிறார்கள்.