புதுப்பிப்பு: சிக்னலில் குலுங்கிய கார், கடைசியில் ஒரு ரப்பர் ஹோஸ்

போன மாதம் எழுதியிருந்தேன்: 11 வருடப் பழைய பெட்ரோல் கார், சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் வேகம்) 600-க்கும் 1,100-க்கும் நடுவே ஏறி இறங்குகிறது, ஏசி போட்டால் அணைந்தே போகிறது என்று. ஸ்பார்க் பிளக் மாற்று, திராட்டில் பாடியை (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) சுத்தம் செய் என்றீர்கள். இரண்டும் செய்தேன். பிளக் தேய்ந்துதான் இருந்தது, ஆனால் குலுக்கல் நிற்கவில்லை.

அப்புறம் நண்பரிடம் ஓபிடி ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) வாங்கி ஃபியூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு, பார்த்தேன். ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) +19 சதவீதம். 2,500 ஆர்பிஎம்மில் வெறும் +4. அங்கேதான் பிடி கிடைத்தது. உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டி எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது, கணக்கில் வராத அந்தக் காற்றுக்கு ஈடாக இசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டுகிறது. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதனால் சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரியும். பெட்ரோல் பம்ப் பலவீனம் என்றால் பெரும்பாலும் நேர்மாறு: லோடு ஏறும்போதுதான் ட்ரிம் ஏறும்.

ஓட்டையைத் தேடி ஹோஸ் ஹோஸாகத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். (கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே வேண்டாம், சூடான எஞ்சினில் தீப்பிடிக்கலாம்.) பிசிவி ஹோஸின் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மறுபடி காற்றுப் பாதைக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்) அடி வளைவில் பட்டதும் 'உஸ்' சத்தம் மாறியது. கழற்றினால் விரல் நீள விரிசல், மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

புது ஹோஸ் 240 ரூபாய். பிளக்குக்குச் செலவழித்ததைச் சொல்லவில்லை. இப்போது ஐடில் 750, ட்ரிம் +2. ஏசியோடு நேற்று ஒரு மணி நேரம் டிராஃபிக்கில் நின்றேன், அணையவில்லை.