தொடையில பட்டை கட்டி, ரத்த ஓட்டத்தக் குறைச்சு பயிற்சி பண்ணவங்க இருக்கீங்களா?

மஞ்சக்குப்பம் ரைடர்
கபடி ஆடுறவன் நான். முட்டி ஜவ்வுல (ஏசிஎல்) ஆபரேஷன் ஆகி, பாண்டியில பிசியோ. இடது தொடை வத்திப் போயிருந்துச்சு. பிசியோ அண்ணன் தொடை மேல, இடுப்பை ஒட்டி கஃப்பைச் (காத்தடிக்கிற பட்டை) சுத்தி காத்தடிச்சாரு. லெக் எக்ஸ்டென்ஷன்ல வெச்ச வெயிட்டப் பாத்து சிரிப்பு வந்துச்சு, எங்க அக்கா பொண்ணே தூக்கும். முதல்ல 30 தடவை, அப்புறம் 15, 15, 15. நடுவுல அரை நிமிஷம் ரெஸ்ட், அப்பவும் காத்த இறக்க மாட்டாரு. மூணாவது செட்ல தொடைக்குள்ள மிளகாய்த்தூள் கரைச்சு ஊத்தின மாதிரி. "போதும்ணே"ன்னேன். "எரியுதா, மரத்துப் போச்சா?" "எரியுது." "அப்ப போடு."

காத்த விட்டதும் சூடா ஒண்ணு பாதம் வரைக்கும் இறங்குச்சு பாருங்க! தொடை இப்ப தேறிடுச்சு. ஆனா அந்தக் கால ஊனி டோ டச் (மறு கால நீட்டி விரல் நுனியால எதிராளியத் தொடுறது) போக இன்னும் மனசு வரல. யாருக்காவது இப்படி இருந்துச்சா?

கெடிலக்கரை
உங்களுக்குக் கஃப். எங்க கிரவுண்டுல சைக்கிள் டியூப். "ஜப்பான் டெக்னிக்"னு கோச் ஒரு பையனுக்கு ரெண்டு தொடையிலயும் இறுக்கிக் கட்டி ஸ்குவாட் போட விட்டாரு. எதேச்சையா அவன் கால் விரலப் பாத்தேன், நகத்துக்கடியில நீலம். "வலிக்குதாடா?" "ஒண்ணுமே தெரியலண்ணா." அந்த 'ஒண்ணுமே தெரியல'தான் இன்னும் காதுல நிக்குது. முடிச்சு அவிழவே இல்ல, டீக்கடையில கத்தி வாங்கி அறுத்தேன். டியூப அறுத்ததுக்கு கோச்சுக்குக் கோவம்! இதெல்லாம் ஒரு பயிற்சியா?

உப்பளம் பதினொண்ணு
கெடிலக்கரை, தப்பு டியூப் மேல. டெக்னிக் என்ன பண்ணும்? நானும் தொடைச் சதை பிடிச்சப்போ பண்ணேன், நல்லாத்தான் இருந்துச்சு, அவ்வளவுதான் என் கதை.

கேக்காமலே சொல்றேன். 1966ல ஜப்பான்ல யோஷியாகி சாட்டோங்கிறவரு ஒரு சடங்குல மண்டி போட்டு உக்காந்து, கால் மரத்தப்போ தோணின யோசனை. அவரும் ஆரம்பத்துல சைக்கிள் டியூப்ல தன் உடம்புலதான் சோதிச்சாரு, அப்புறம்தான் முறையான பட்டை வந்துச்சு. சூட்சுமம் இதான்: உள்ள போற ரத்தம் குறையணும், நிக்கக் கூடாது, திரும்பி வர்ற ரத்தம்தான் தேங்கணும். கழிவு சேர்ந்து, ஆக்சிஜன் குறைய, கனமான வெயிட்டுக்கு மட்டும் எழுந்திரிக்கிற வேகத் தசை இழை சின்ன வெயிட்டுக்கே வேலைக்கு வந்துடும். அதனால அதிகபட்சமா தூக்குறதுல 20-30% போதும். ரத்தத்த முழுசா நிறுத்துற அழுத்தத்த முதல்ல அளந்து, காலுக்கு அதுல 40-80% வெப்பாங்க. பட்டை அகலமா இருந்தா கம்மி அழுத்தமே போதும், குறுகலா இருந்தா ஏத்த வேண்டி வரும். டியூப்ல இத எப்படி அளப்பீங்க? கால்ல ரத்தம் உறைஞ்ச வரலாறு இருக்கவங்க, பிரஷர் கட்டுக்குள்ள இல்லாதவங்க கிட்டயே போகக் கூடாது. புகை பிடிக்கிறவங்களும் டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. தண்ணி நிறைய...

கெடிலக்கரை
சாட்டோ தன் கால்ல கட்டினாரு சார். எங்க கோச் அடுத்தவன் கால்ல கட்டினாரு.

மஞ்சக்குப்பம் ரைடர்
நான் கேட்டது டோ டச் பத்தி 🙏

லாஸ்பேட்டை பிசியோ
தம்பி, பட்டை தொடைச் சதைய மீட்டுக் குடுக்கும். சின்ன வெயிட்லயே சதை ஏறுறது கனமான வெயிட்டுக்கு ஏறக்குறைய சமம்தான். பலம் ஏறுறதுல கனமான வெயிட் ஒரு படி மேல. தாவுறது, சட்டுனு வெட்டித் திரும்புறது தனி வித்தை, பட்டை போட்டு வராது. முட்டி தாங்குற அளவுக்கு மெதுவா கனமான ஸ்குவாட்டுக்கு மாறுங்க, அப்புறம் ஒத்தக்கால் தாவல். நல்ல கால் தாவுற தூரத்துல 90 சதவீதமாவது அடிபட்ட கால் எட்டுதான்னு உங்க அண்ணன டேப் வெச்சு அளக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் மேட்ல ஏறினாலும் ரைடு வேணாம்.

மஞ்சக்குப்பம் ரைடர்
அளந்தாரு அக்கா. 90 தாண்டிடுச்சு. அப்பவும் கால் போகல.

லாஸ்பேட்டை பிசியோ
அப்ப இன்பாக்ஸ் வாங்க. அது தொடைப் பிரச்சனை இல்ல.