ரசம் வந்தது, சோறு வரவில்லை

மாம்பலத்தான்:
போன வாரம் சுவைஞன் இந்தச் சாப்பாட்டு மன்றத்தில் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. "தட்டு நிறைய வேண்டும் என்பவர் கல்யாண மண்டபத்துக்குப் போகட்டும். ஃபைன் டைனிங் பசிக்கானது அல்ல. நம்மூர்க்காரர்களுக்கு அது பிடிபட இன்னும் ஒரு தலைமுறை ஆகும்." இது அவர் வாக்கு. சரி, நாமும்தான் ஒரு தலைமுறை முன்னேறிப் பார்ப்போமே என்று கல்லூரிக் காலத்து நண்பர்கள் ஐந்து பேர் ஞாயிறு மதியம் சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலுக்குப் போனோம். பெயர் வேண்டாம். தலைக்கு 3,200 ரூபாய், ஏழு கோர்ஸ், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஏழு சுற்று. நம்ம ஊர்ச் சமையலைப் புது மாதிரி தருகிறார்களாம்.

முதலில் கருங்கல் பலகை மேல் தயிர்வடை வந்தது. வடையைத் தேடாதீர்கள், தயிர் நுரையும் அதன் மேல் இரண்டு பூந்தியும்தான். அடுத்து ரசம். கண்ணாடிக் கெட்டிலுக்குள் கொத்தமல்லித் தண்டும் நசுக்கிய மிளகும் போட்டு, தெளிந்த ரசத்தைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, ஒரு நிமிஷம் ஊறவிட்டு, பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் வடித்துக் கொடுத்தார்கள். மணம் ஆளைத் தூக்கியது, பொய் சொல்லக் கூடாது. இரண்டு மிடறு, காலி. இதோ சோறு வரும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் மாங்காய் ஐஸ் வந்தது. வாயைச் சுத்தம் செய்யவாம். ரசம் குடித்த வாயை எதற்கய்யா சுத்தம் செய்ய வேண்டும்?

அப்புறம் தேங்காய்ப்பாலில் ஒரு துண்டு மீன். மட்டன் சுக்கா இரண்டு துண்டு, கூடவே வளையல் அளவில் ஒரு பரோட்டா. ஆறாவதாகத் தயிர்சாதம், கோலிக்குண்டு மாதிரி ஒரே ஓர் உருண்டை. ஊறுகாயைக் கூழாக்கி மூன்று பொட்டு. கடைசியில் காபி ஐஸ்கிரீம். மொத்தச் சாப்பாட்டிலும் அரிசி என்று கண்ணில் பட்டது அந்த உருண்டை மட்டும்தான். நண்பன் ஒருவன் கூச்சத்தை விட்டு, "அந்த ரசத்தோட கொஞ்சம் சோறு கிடைக்குமா தம்பி" என்று கேட்டேவிட்டான். பரிமாறிய பையன் சிரித்துவிட்டுப் போனான். சோறு வரவில்லை. பில் வந்தது, 22,325 ரூபாய் 60 காசு.

சுவைஞன்:
நான் எழுதியதில் ஒரு வரியைக்கூட மாற்றுவதாக இல்லை. உங்கள் பதிவே அதற்குச் சாட்சி. ஒரே ஒரு கேள்வி. சோறு யாரிடம் கேட்டீர்கள்? பரிமாறும் பையனிடம். அவன் தட்டைக் கொண்டுவந்து வைத்து, என்ன பண்டம் என்று சொல்லிவிட்டுப் போகிறவன். ஆர்டர் எடுப்பது கேப்டன். கிச்சனுக்குள் சொல்லும் அதிகாரம் அவருக்குத்தான். நான் பல வருஷம் ஹோட்டலில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், கேப்டனிடம் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சோறு வந்திருக்கும்.

பழையசோறு:
ஆகா! சோறு கேட்கவும் ப்ராப்பர் சேனல் உண்டா? மனு எழுதி, கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டிக் கொடுக்கணுமா சார்?

மாம்பலத்தான்:
கேப்டன் யார் என்று எப்படித் தெரியும்? எல்லோரும் கறுப்புக் கோட்டுதான் போட்டிருந்தார்கள். என் கேள்வி அதுவே இல்லை. ரசம் கொடுக்கத் தெரிந்தவனுக்குச் சோறு கொடுக்க வேண்டும் என்று தெரியாதா? ஏன் கேட்க வைக்கிறான்?

சுவைஞன்:
அப்படியானால் கேப்டனிடம் கேட்கவில்லை. அதைத்தான் நானும் சொன்னேன்.

அஞ்சறைப்பெட்டி:
சண்டைக்கு நடுவே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஒவ்வொரு தட்டாகக் கொண்டுவந்து வைக்கும் இந்த முறையைப் பிரெஞ்சுப் பாணி என்று நினைக்கிறோம், அது பிரெஞ்சுக்காரர்களுக்கே பிறந்த வீட்டுச் சொத்து கிடையாது. முன்பெல்லாம் அவர்களும் எல்லாப் பண்டத்தையும் மேஜையில் ஒன்றாகப் பரப்பி வைத்துத்தான் சாப்பிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் ரஷ்ய முறை அங்கே வந்தது. ரஷ்யத் தூதர் குராகின் பாரீஸில் அதை அறிமுகப்படுத்தினார் என்று சமையல் வரலாற்றில் சொல்வார்கள். இன்றைக்கும் அதற்கு ரஷ்யப் பரிமாறல் என்றுதான் பெயர்.

நம் இலையில் வரிசை ஏற்கெனவே இருக்கிறது. குழம்பு, ரசம், மோர் என்று சோறு மூன்று தடவை விழும். ஓரத்தில் இருக்கிற பொரியலையும் ஊறுகாயையும் எப்போது தொடுவது என்பது சாப்பிடுகிறவர் இஷ்டம். ரசத்தின் புளியையும் மிளகையும் தாங்குவது குழைந்த சோறும் ஒரு சொட்டு நெய்யும்தான். அந்தத் தாங்கலை உருவிவிட்டு ரசத்தை மட்டும் கிண்ணத்தில் நிறுத்தினால் அது காய்ச்சல்காரருக்குக் கொடுப்பது. என் வீட்டிலும் டம்ளரில் ரசம் கொடுப்பேன், ஜலதோஷம் பிடித்தவர்களுக்கு.

சுவைஞன்:
அக்கா, வரலாறெல்லாம் அருமை. ஆனால் கேப்டனிடம் கேட்டிருந்தால் அந்தச் சோறும் நெய்யும் வந்திருக்கும். அவர்கள் கேட்கவில்லை.

வரிக்கணக்கு:
சோற்றை விடுங்கள், பில்லைப் பார்ப்போம். தலைக்கு 3,200 என்றால் ஐந்து பேருக்கு 16,000. 22,325 எப்படி வந்தது?

மாம்பலத்தான்:
தண்ணீர் நாலு பாட்டில், ஒன்று 300. உட்கார்ந்ததும் "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா" என்று கேட்டான். வெறும் பாட்டில் தண்ணீரா, வாயு அடைத்ததா என்று அர்த்தமாம். மூன்றாவதாகச் சாதாரணத் தண்ணீர் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஸ்டில் என்றோம், 1,200 போச்சு. அதன் மேல் சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம். எல்லாவற்றுக்கும் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்.

வரிக்கணக்கு:
சரியாகத்தான் வருகிறது. 17,200, அதில் பத்து சதவீதம் 1,720, ஆக 18,920. அதற்கு 18 சதவீதம் 3,405.60. சாதாரண உணவகமாக இருந்தால் ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதத்தோடு போயிருக்கும். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகிற ஹோட்டலுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டால் 18. அது சட்டம், ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் அந்த 1,720ஐ நீங்கள் கொடுத்திருக்கவே வேண்டாம். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. உணவகக்காரர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 மார்ச் 28 அன்று அங்கேயும் ஆணையத்தின் பக்கம்தான் தீர்ப்பு. மேல்முறையீடு போனபோது, 20 ரூபாய்த் தண்ணீருக்கு 100 ரூபாய் வாங்குகிறீர்களே, அப்புறம் சர்வீஸ் சார்ஜ் எதற்கு என்று நீதிபதிகளே கேட்டார்கள். எடுத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பழையசோறு:
யாரிடம் சொல்வது? கேப்டனிடமா, பையனிடமா? சுவைஞன் சார் வந்து தீர்ப்பு சொல்லட்டும்.

சுவைஞன்:
கிண்டல் செய்தாலும் பதில் அதுதான். கேப்டனிடம்தான். சர்வீஸ் சார்ஜ் பற்றி நீங்கள் புலம்புவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நாலு பேர் நின்று பரிமாறுகிறார்கள், ஒவ்வொரு கோர்ஸுக்கும் கரண்டி மாற்றுகிறார்கள், மடியில் துண்டு விரித்துவிடுகிறார்கள். அதற்குக் காசு கொடுக்க மனசு வராதவர்கள் அங்கே போயிருக்கவே கூடாது.

வரிக்கணக்கு:
மனசு வருமா வராதா என்பது வேறு, சட்டம் வேறு. டிப்ஸ் என்று நானாகக் கொடுத்தால் அது என் மனசு. பில்லில் அச்சடித்து 18 சதவீத வரியும் போட்டால் அது வசூல். நீங்கள் வேலை பார்த்த ஹோட்டலில் அந்தப் பத்து சதவீதத்தில் பையனுக்கு எவ்வளவு போனது, கொஞ்சம் சொல்லுங்கள்.

சுவைஞன்:
தலைப்பை விட்டு விலக வேண்டாம்.

மாம்பலத்தான்:
தலைப்பே சோறு வரவில்லை என்பதுதான்! விலகியது யார்?

மாடிவீட்டுக் காக்கை:
1867ஆம் வருஷச் சத்திரச் சட்டப்படி எந்த ஹோட்டலிலும் தண்ணீர் இலவசமாகக் கேட்கலாம். எல்லோருக்கும் பகிருங்கள்.

வரிக்கணக்கு:
வந்துவிட்டதா வாட்ஸ்அப்? அந்தச் சட்டம் வழிப்போக்கர் தங்குகிற சத்திரங்களுக்கானது. பாட்டில் தண்ணீருக்கு ஹோட்டல்கள் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உட்கார இடம், ஏசி, பரிமாறுகிற ஆள் எல்லாம் சேர்ந்த விலை என்பது காரணம். எனக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது.

பழையசோறு:
பாருங்கள், அந்த விலைக்குள்ளேயே பரிமாறுகிற ஆளும் வந்துவிட்டாரே. அப்புறம் 1,720 யாருக்கு? கெட்டிலுக்கா?

திண்டுக்கல்பூட்டு:
ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், பொறுக்க முடியவில்லை. நம்ம சாப்பாட்டை உலகத்துக்குக் காட்ட நுரையும் வேண்டாம் கெட்டிலும் வேண்டாம். திண்டுக்கல் பக்கம் நத்தத்துக்காரர் செஃப் விஜய்குமார் நியூயார்க்கில் செம்மா உணவகத்தில் நத்தைப் பிரட்டல் போட்டார். வயலில் பிடித்து வீட்டில் ஆக்கித் தின்றது. 2022இல் மிஷெலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் வந்தது, 2025இல் அமெரிக்காவில் சமையலுக்குத் தரும் ஜேம்ஸ் பியர்டு விருதும் வந்தது. எங்கள் மாவட்டம். அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சுவைஞன்:
மிஷெலின் என்று நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். 1926இல் நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள், 1931இல் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் பிரித்தார்கள். மூன்று நட்சத்திரம் என்றால் அந்தச் சாப்பாட்டுக்காகவே தனியாகப் பயணம் போகலாம் என்று பொருள். அந்த மரபில் வருவதுதான் இந்த மெனுவும். ஆட்டோ ஏறிப் போய் இரண்டு மிடறு ரசத்துக்கு அழுகிறவர்களுக்கு இது விளங்காது.

பழையசோறு:
அண்ணே, அது டயர் கம்பெனி. காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனால் டயர் தேயும் என்று போட்ட புத்தகம். போகட்டும், அவர்கள் வழிகாட்டியில் இந்திய நகரம் ஒன்றாவது உண்டா? அப்புறம் எந்த மரபு?

திண்டுக்கல்பூட்டு:
சுவைஞன், நான் சொன்ன நத்தைக்குப் பதில் சொல்லாமல் 1926க்கு ஓடுகிறீர்கள். ஆம்பூர் பிரியாணி விவாதத்திலும் இப்படித்தான். சீரகச் சம்பா அரிசிக்கு நான் ஆதாரம் வைத்தேன், நீங்கள் பாஸ்மதியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். எங்கள் திண்டுக்கல் பிரியாணியை "எலுமிச்சம்பழச் சாதம்" என்றீர்கள். எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சுவைஞன்:
எலுமிச்சை தூக்கலாகத்தான் இருக்கிறது. இன்றைக்கும் அதையே சொல்வேன்.

திண்டுக்கல்பூட்டு:
வந்து சாப்பிட்டுவிட்டுப் பேசுங்கள். சென்னைக் கிளையில் பார்சல் வாங்கித் தின்றுவிட்டு ஊரையே எடை போடுகிறவர்.

அஞ்சறைப்பெட்டி:
ரசத்தைப் பற்றி நான் சொன்னதை யாருமே தொடவில்லை. இப்போது கேட்கிறேன். ரசத்தைச் சாப்பாட்டின் ஆரம்பத்தில் கொண்டுவந்தது ஏன்? வெள்ளைக்காரர்கள் மிளகுத் தண்ணீரை முல்லிகட்டானி ஆக்கி சூப் இடத்தில் வைத்தார்கள், அன்று பிடித்த வழக்கம். அவர்களுக்கு முதலில் சூப் வேண்டும், நம்மிடம் சூப் இல்லை, ரசத்தைப் பிடித்துச் சூப் ஆக்கினார்கள். இன்றைக்கு நம்மூர் செஃப்களே அதே நாற்காலியில் ரசத்தை உட்கார வைத்துவிட்டுப் புதுமை என்கிறார்கள். இதில் என்ன புதுமை, சொல்லுங்கள்.

சுவைஞன்:
அக்கா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் இங்கே பிரச்சினை வரிசை அல்ல. கேட்காதது. எந்த நல்ல உணவகமும் விருந்தாளி கேட்டதை மறுக்காது.

மாம்பலத்தான்:
கேட்டோம் ஐயா, கேட்டோம்! பையனிடம் கேட்டோம்! அவன் போய்க் கேப்டனிடம் சொல்லியிருக்க வேண்டாமா? உங்கள் ஹோட்டலில் பையன்கள் கேப்டனோடு பேசவே மாட்டார்களா?

சுவைஞன்:
எத்தனை மணிக்குக் கேட்டீர்கள்?

மாம்பலத்தான்:
இது என்ன போலீஸ் விசாரணையா? ரசம் வந்தபோது யாரும் கேட்கவில்லை, சோறு வரும் என்று நம்பினோம். தயிர்சாத உருண்டை வந்தபோதுதான் கேட்டான். ரெண்டரை, ரெண்டே முக்கால் இருக்கும்.

சுவைஞன்:
அப்படிச் சொல்லுங்கள். மதியச் சேவை மூன்று மணிக்கு முடியும். ரெண்டே முக்காலுக்குக் கடைசி ஆர்டர். ஆறாவது கோர்ஸில் உட்கார்ந்துகொண்டு இரண்டாவது கோர்ஸுக்குச் சோறு கேட்டால் எந்த கிச்சனும் திணறும்.

பழையசோறு:
மேலே ஐந்து நிமிஷத்தில் வந்திருக்கும் என்று எழுதியவர் யார்? அதுவும் நீங்கள்தானே சார்?

சுவைஞன்:
கேப்டனிடம் கேட்டிருந்தால் என்று எழுதியிருக்கிறேன். முழுசாகப் படியுங்கள்.

வரிக்கணக்கு:
அந்தப் பத்து சதவீதத்தில் பையனுக்கு எவ்வளவு என்ற கேள்வி இன்னும் நிற்கிறது.

மாம்பலத்தான்:
ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். என் நண்பர்களில் ஒருவன் சைவம். அவனுக்கு மீனுக்குப் பதில் காளான், மட்டனுக்குப் பதில் பலாக்காய் சுக்கா. பலாக்காய் எங்கள் மட்டனைவிட நன்றாக இருந்தது. ஆனால் அவனுக்கும் அதே 3,200. இதற்கும் கேப்டனைத்தான் பார்க்க வேண்டுமா?

சுவைஞன்:
செட் மெனுவில் விலை ஒன்றுதான். பலாக்காயை மட்டன் பதத்துக்குக் கொண்டுவர எத்தனை மணி நேரம் ஆகும், தெரியுமா உங்களுக்கு?

அஞ்சறைப்பெட்டி:
எனக்குத் தெரியும். எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குவது பாதி வேலை. மீதியைக் குக்கர் பார்த்துக்கொள்ளும், நாலு விசில்.

திண்டுக்கல்பூட்டு:
எங்கள் ஊர்ச் சிறுமலைப் பலாவாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

சுவைஞன்:
நாலு விசில் வைத்தால் குழைந்துவிடும், அக்கா. சுக்காவுக்கு ஆவியில்தான் வேக வைக்க வேண்டும். குக்கரில் வைப்பவர்களோடு நான் மேற்கொண்டு பேசுவதற்கில்லை. மாம்பலத்தான், அடுத்த முறை போகும்போது கறுப்புக் கோட்டில் பெயர்ப் பட்டையைப் பாருங்கள், கேப்டன் என்று எழுதியிருக்கும்.

மாம்பலத்தான்:
அடுத்த முறையா? யார் காசில்?