ஆண்டு மலரிலை ஒரு பக்கத்தைக் காணேல்லை

மலர்க்குழுப் பிள்ளை:
உயர்தரம் படிக்கிறன். எங்கட பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு நான்தான் இதழாசிரியர், பேருக்கு. மாணவியர் மலசலகூடத்திலை தண்ணி வாறேல்லை எண்டு என்ர வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு பக்கக் கட்டுரை எழுதினவ. இடைவேளைக்கு வாளியோட கிணத்தடிக்கு ஓடுற கதை. அச்சகத்திலை இருந்து புரூப் வந்தா, அந்தப் பக்கத்திலை மூலைக்கு மூலை சிவப்புக் கோடு. காரணம் ஒண்டும் எழுதேல்லை. இப்ப அதிலை நகைக்கடை விளம்பரம். வாழ்த்துச் செய்தி மட்டும் 11 பக்கம் அப்பிடியே கிடக்கு. உது தணிக்கை இல்லையோ?

ஓய்ந்த ரீச்சர்:
பிள்ளை, கோவம் விளங்குது. நானும் ஏழு வருசம் மலருக்குப் பொறுப்பாசிரியராய் இருந்தனான். வலயக் கல்விக் கந்தோரிலை இருந்து கோல் வந்தா பதில் சொல்லுறது நாங்கள். கட்டுரையிலை ஆரையும் சுட்டியிருக்கோ?

மலர்க்குழுப் பிள்ளை:
ரெண்டு வரி. "சாவி வைச்சிருக்கிற மிஸ்" எண்டு. பேர் போடேல்லை.

ஓய்ந்த ரீச்சர்:
பேர் என்னத்துக்கு? சாவி ஒராளிட்டைத்தானே இருக்கும். அமெரிக்காவிலை ஹேசல்வுட் வழக்கும் இதுமாதிரித்தான். பள்ளிக்கூடப் பத்திரிகையிலை கர்ப்பமான மாணவியளைப் பற்றின கட்டுரையை 1983இலை அதிபர் நிப்பாட்டினவர். பேரை மாத்தி எழுதியும் ஆரெண்டு பிடிபடும் எண்டு பயந்தவர். 1988இலை உச்ச நீதிமன்றமும் அவரின்ர பக்கம்தான் நிண்டது.

கொட்டடியான்:
அரைவாசிக் கதையைத்தான் சொன்னியள் ரீச்சர். அவர் பிழை கண்டது ரெண்டு கட்டுரையிலை. தூக்கினது ரெண்டு முழுப் பக்கம், குத்தமில்லாததுகளும் சேந்து போச்சு. தீர்ப்பும் 5க்கு 3. இஞ்சையும் பிரச்சினை ரெண்டு வரி, போனது ஒரு பக்கம்! அதை விடுங்கோ, எங்கட இலங்கை அரசியலமைப்பின்ர 14(1)(அ) உறுப்புரை பேச்சு, வெளியீட்டுச் சுதந்திரத்தை எல்லாப் பிரசைக்கும் குடுக்குது. வயசு ஒண்டும் சொல்லேல்லை. 1841இலையே உதயதாரகைப் பத்திரிகை அடிச்ச யாழ்ப்பாணம் இது.

ஓய்ந்த ரீச்சர்:
அடுத்த 15ஆம் உறுப்புரையையும் வாசியுங்கோ, அவதூறு எண்டா அந்தச் சுதந்திரத்தைச் சட்டத்தாலை கட்டுப்படுத்தலாம் எண்டு அதிலை இருக்கு. மலர் பள்ளிக்கூடத்தின்ர முகம் தம்பி. பழைய மாணவர் காசிலை அடிக்கிறது.

கொட்டடியான்:
முகம் கழுவத்தானே பிள்ளையள் தண்ணி கேக்கினம்.

ஓய்ந்த ரீச்சர்:
சிரிச்சிட்டன். சரி, ஒண்டை ஒத்துக்கொள்ளுறன். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு "இந்த ரெண்டு வரியை மாத்து" எண்டு சொல்லியிருக்கோணும். நாங்கள் கூப்பிடுறேல்லை. கூப்பிட்டா ஏனெண்டு கேக்குங்கள். கோடு கீறினா அந்தக் கரைச்சல் இல்லை. நானும் கீறினனான்தான்.

மலர்க்குழுப் பிள்ளை:
ரீச்சர், அவ அந்த வரியளை எடுத்திட்டா. கட்டுரையைக் கையெழுத்துச் சஞ்சிகையிலை போடப்போறம். வாளிப் படம் கீறியாச்சு.

ஓய்ந்த ரீச்சர்:
நல்லது பிள்ளை. அட்டையிலை மட்டும் பள்ளிக்கூடப் பேரைப் போடாதேங்கோ.

கொட்டடியான்:
பாத்தியளே, திருப்பியும் சிவப்புப் பேனை!