கிடப்பில் கிடந்த பாட்டை வெளியே விடலாமா?

அல்சூர்க்காரன்
போன ஞாயிறு பெங்களூர் சிக்பேட்டை சந்தையில் ஆங்கில ராக் குழு ரோலிங் ஸ்டோன்ஸின் 'டாட்டூ யூ' இசைத்தட்டு கிடைத்தது, 1981-ல் வந்தது. அட்டை ஓரம் செல்லரித்திருக்கிறது, தட்டு நன்றாகவே இருக்கிறது. வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு இரண்டு பக்கத்தையும் கேட்டேன்.

அது புது ஆல்பமே இல்லை, பெரும்பாலும் கிடப்பில் கிடந்த டேப்புகள். டூருக்கு முன்னால் ஒரு ஆல்பம் வந்தாக வேண்டும். பாடகர் ஜாகருக்கும் கிடார் வாசிக்கும் ரிச்சர்ட்ஸுக்கும் அப்போது ஒத்துப்போகவில்லை. கிரிஸ் கிம்ஸி என்ற ஒலிப்பொறியாளர் மூன்று மாதம் உட்கார்ந்து பழைய டேப்புகளைத் துழாவினார். 'வெயிட்டிங் ஆன் எ ஃபிரெண்ட்' 1972-ல் ஜமைக்காவில் எடுத்தது. 'ஸ்லேவ்' 1975-ல் ராட்டர்டாமில். 'ஸ்டார்ட் மீ அப்' 1978-ல் பாரிஸில் ரெக்கே என்ற ஜமைக்கா பாணியில் திரும்பத் திரும்ப வாசித்துச் சலித்துப்போய் விட்ட பாட்டு. நடுவில் ராக்காக வாசித்த ஒரு பதிவுதான் கிம்ஸி கையில் அகப்பட்டது. அமெரிக்காவில் ஆல்பம் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1988-ல் நாங்கள் நாலு பேர் இங்கே ஒரு ஸ்டூடியோவில் நாலு பாட்டு எடுத்தோம். காசு தீர்ந்தது, வேலை வந்தது, டேப் என் அலமாரிக்குப் போய்விட்டது. எங்கள் டிரம்மர் 2014-ல் இறந்துவிட்டான். இப்போது அவன் தங்கை, "அண்ணன் வாசிச்சதை நெட்ல போடுங்க, என் பசங்க கேக்கட்டும்" என்கிறாள். போடலாமா?

மத்தளம்
வேண்டாம் அண்ணா. நீங்கள் காட்டிய உதாரணமே உங்களுக்கு எதிராகத்தான் நிற்கிறது. 'டாட்டூ யூ'வில் ஜாகர் மறுபடி மைக் முன்னால் நின்று பாடினார். ஜாஸ் கலைஞர் சோனி ராலின்ஸைக் கூப்பிட்டு சாக்ஸபோன் வாசிக்க வைத்தார்கள். வாசித்தவர்கள் உயிரோடு இருந்து, விட்ட வேலையை முடித்தார்கள். அதைக் கிடப்பில் கிடந்ததை வெளியிட்ட கணக்கில் சேர்க்க முடியாது. அப்படியும் ஒரு தப்பு நடந்தது. ஜமைக்கா டேப்பில் கிடார் வாசித்த மிக் டெய்லர் 1974-லேயே குழுவிலிருந்து விலகிவிட்டார். அட்டையில் அவர் பெயரே இல்லை.

பீட்டில்ஸ் குழுவின் 'லெட் இட் பீ' ஆல்பத்தைப் பாருங்கள். 1969 ஜனவரியில் எடுத்தது, ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தது. கடைசியில் டேப் ஃபில் ஸ்பெக்டர் என்ற தயாரிப்பாளர் கைக்குப் போனது. குழுவில் இருந்த மெக்கார்ட்னியைக் கேட்காமலே, மெக்கார்ட்னியின் பாட்டில் வயலின் கூட்டத்தையும் கோரஸையும் ஏற்றிவிட்டார். அந்த மனக்குறை 2003-ல் அதெல்லாம் இல்லாத ஒரு பதிப்பு வரும்வரை தீரவில்லை. உயிரோடு இருந்தவருக்கே அந்த கதி என்றால், இல்லாதவருக்காக யார் பேசுவது?

டேப்பெட்டி
விவாதம் இருக்கட்டும், முதலில் டேப்பைக் காப்பாற்றுங்கள். எண்பதுகளின் டேப் என்றால் பல வகைகளில் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் போயிருக்கும். அப்படியே மெஷினில் ஓட்டினால் கிறீச்சென்று கத்தும், பழுப்பு மாவு உதிரும். உதிர்வது மாவு இல்லை, உங்கள் பாட்டு. அந்த வகை டேப்பை 50, 55 டிகிரி மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்தால் கொஞ்ச நாளைக்கு ஓடும். அதற்குள் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட வேண்டும். சமையலறை ஓவன் அடுப்பில் வைத்துவிடாதீர்கள், சூடு ஒரே அளவில் நிற்காது. எல்லா டேப்புக்கும் சூடு ஆகாது, ஆகவே எந்த வகை என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

ஜெயநகர் வாசகி
மத்தளம், இறந்தவர் விஷயத்தில் இவ்வளவு கறார் வேண்டுமா? பாரதி 1921-ல் போய்விட்டார். பாஞ்சாலி சபதத்தின் இரண்டாம் பாகம் 1924-ல்தான் அச்சேறியது. அன்றைக்கு யாராவது "அவர் இல்லையே" என்று பெட்டியைப் பூட்டியிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

மத்தளம்
பாரதி எழுதி முடித்தது அது, அக்கா. முடிக்காததைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். 'ஸ்டார்ட் மீ அப்'பின் ரெக்கே சாயல் கொண்ட வடிவத்தை 2021-ல் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில் போட்டார்கள். கேட்டுப் பாருங்கள், அன்றைக்கு அதைக் கைவிட்டது சரி என்று உங்களுக்கே தோன்றும். வேண்டாம் என்று ஒதுக்குவதும் கலைஞனின் வேலைதான். நானும் மேடையில் வாசிக்கிறவன். ஒத்திகையில் நான் சறுக்கினதை நான் போன பிறகு யாரோ பாசத்தில் எடுத்துப் போடுவார்கள் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

ஜெயநகர் வாசகி
சரி, குவீன் குழுவின் 'மேட் இன் ஹெவன்' என்ன கணக்கு? அதன் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி 1991 நவம்பரில் இறந்தார், ஆல்பம் 1995-ல் வந்தது. நிற்கக்கூடத் தெம்பில்லாத நாட்களில், நான் பாடிவிடுகிறேன், மிச்சத்தை நீங்கள் பிறகு முடித்துக்கொள்ளுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டதாக குழுவின் கிடார் கலைஞர் பிரையன் மே சொல்லியிருக்கிறார். 'மதர் லவ்' பாட்டில் கடைசிச் சரணத்துக்கு ஃப்ரெடி திரும்பி வரவே இல்லை. அதை மே பாடியிருக்கிறார். குரல் மாறும் அந்த இடம் காதுக்குத் தெரிகிறது. மறைக்காமல் விட்டார்களே, அதனால்தான் எனக்கு அந்த ஆல்பத்தின் மேல் மரியாதை.

மத்தளம்
அங்கே ஃப்ரெடியின் சம்மதம் இருந்தது. நான் கேட்பதும் அதைத்தான். அல்சூர் அண்ணா, உங்கள் நண்பர் அந்த டேப்பைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொன்னாரா?

அல்சூர்க்காரன்
இந்தக் கேள்விக்குப் பதில் எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது.

2003 ஏப்ரலில் ஸ்டோன்ஸ் அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். ஸ்டோன்ஸின் டிரம்மர் சார்லி வாட்ஸ் அலட்டிக்கொள்ளாமல் வாசிப்பதையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது ஆட்டோவில், "நம்ம டேப் இருக்காடா?" என்று கேட்டான். இருக்கு என்றேன். அதற்கு மேல் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் அவன் அப்படிச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாட்டு எடுத்த அன்றைக்கே கேசட்டில் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன், நேற்று ராத்திரி போட்டுக் கேட்டேன். மூன்றாவது பாட்டின் கடைசியில் சிம்பல் ஓசை அடங்குவதற்குள் அவன் குரல் கேட்கிறது: "இன்னொரு தடவ எடுப்போம்டா." எடுக்கவில்லை, எங்கள் நேரம் முடிந்திருந்தது. மற்ற மூன்று பாட்டிலும் அப்படி ஒன்றும் இல்லை. முதல் பாட்டு முடிந்ததும் அவன் சிரிப்பதுகூட விழுந்திருக்கிறது.

மத்தளம்
அப்படியானால் அந்த மூன்றைப் போடுங்கள் அண்ணா, நான் தடுக்கவில்லை. மூன்றாவது வேண்டாம். அவரே சொல்லிவிட்டார்.

ஜெயநகர் வாசகி
எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. தங்கைக்கு வேண்டியது அந்த மூன்றாவதுதான். அதில்தான் அண்ணன் பேசுகிறார்.

அல்சூர்க்காரன்
இன்று காலை அவளுக்கு போன் பண்ணி கேசட்டைப் போட்டுக் காட்டினேன். மூன்றாவதைத் திரும்பப் போடச் சொன்னாள். நாலு பாட்டையும் அவளுக்குக் கொடுத்துவிடுகிறேன். நெட்டில் எது போக வேண்டும் என்று அவளே சொல்லட்டும், அட்டையில் நாலு பேர் பெயரும் இருக்கும்.

டேப்பெட்டி, சனிக்கிழமை காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு வரலாமா?

டேப்பெட்டி
வாங்க. வண்டி டிக்கியில் வைக்காதீர்கள், கையிலேயே கொண்டுவாருங்கள்.