புதுப்பிப்பு: 'நெஷ்' என்றால் என்ன? விடை கிடைத்தது

இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளர் கதையொன்றில் வந்த 'நெஷ்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டிருந்தேன். உதவியவர்களுக்கு நன்றி.

ஜோசப் ரைட்டின் ஆங்கில வட்டார வழக்கு அகராதியைப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. 1898 முதல் 1905 வரை 6 தொகுதிகளாக வந்தது அது. (ரைட் சிறுவயதிலேயே மில் வேலைக்குப் போனவர், பதினைந்து வயதுவாக்கில்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினார். மனுஷன்!)

பொருள்: குளிர் தாங்காத, பூஞ்சை உடம்புக்காரர். டெர்பிஷர், ஸ்டாஃபர்ட்ஷர் பக்கம் இன்றும் சட்டென்று ஸ்வெட்டரைத் தேடுபவரை இப்படிக் கிண்டல் செய்வார்கள். 'நெஷ்' என்பதையே வினையாக்கினால் பயந்து பின்வாங்குவது.

மூலம் பழைய ஆங்கில 'ஹ்னெஷெ', அதாவது மென்மையான. முன்னால் இருந்த 'ஹ்' பிற்பாடு உதிர்ந்துவிட்டது. 'ஹ்ரிங்' 'ரிங்' ஆனதும் இப்படித்தான். 'நைஸ்' என்ற சொல்லோடு உறவில்லை, அது லத்தீன் வழி பிரெஞ்சிலிருந்து வந்தது.

எதிர்பாராதது ஒன்று: காத்திக் (ஆங்கிலத்துக்கு உறவான, வழக்கொழிந்த ஜெர்மானிய மொழி) மொழியின் 4ஆம் நூற்றாண்டு பைபிளிலும் இதன் உறவுச்சொல் இருக்கிறது. மத்தேயு 11:8, நம் பைபிளில் 'மெல்லிய வஸ்திரம்' என்று வரும் அதே இடம்.